பாக்டீரியா நன்றாக வளர்கிறது, மருந்து மட்டும் வரவில்லை. என்ன கோளாறு?

முட்டுக்காடு_மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக முட்டுக்காடு கழிமுகத்து மண்ணிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸை (ஆன்டிபயாட்டிக் செய்கிற மண் பாக்டீரியா வகை) பிரித்து வைத்திருக்கிறேன். ஓட்ஸ் அகர் தட்டில் போட்டால் சாம்பல் நிறத்தில் படர்கிறது, குறுக்கே கோடு இழுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமி அதன் பக்கத்தில் வரவே மாட்டேன் என்கிறது, நல்ல தெளிவான ஜோன் (கிருமி வளராத வெற்றிடம்). அதே பாக்டீரியாவைக் குடுவையில் திரவ மீடியாவில் (தீனிக் கரைசலில்) வளர்த்து, வடிகட்டி, அந்தத் திரவத்தைத் தட்டில் குழி வெட்டி ஊற்றினால் ஒன்றுமே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் குழியின் விளிம்பு வரை வந்து நிற்கிறது.

மீடியா இதுதான்: லிட்டருக்கு குளுக்கோஸ் 20 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, பெப்டோன் 5, பிஎச் 7-ல் நிற்பதற்காக 50 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர். ஷேக்கர் 28 டிகிரி, 180 ஆர்பிஎம். கைடு "இன்னும் கொஞ்சம் சத்தாகப் போடு" என்றார், பெப்டோனை இரண்டு மடங்கு ஆக்கினேன். செல் எடை கூடியது, ஜோன் வழக்கம்போல் பூஜ்ஜியம். வைவாவுக்கு முன்னால் ஏதாவது வழி சொல்லுங்கள்.

ஓய்வு_ஷிப்ட்_சூப்பர்வைசர் எழுதியது:

மீடியாவைப் படித்ததுமே சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த பாக்டீரியாவுக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் குறை.

அது ஆன்டிபயாட்டிக் செய்வது நமக்காக இல்லை. தீனி தாராளமாக இருக்கிறவரை அதற்கு ஒரே வேலை, வளர்வது. தீனி குறைந்து வளர்ச்சி மந்தமான பிறகுதான் மருந்து செய்கிற என்சைம்களுக்குப் பக்கம் திரும்பும், அதனால்தான் வளர்ச்சிக் கட்டம் வேறு, உற்பத்திக் கட்டம் வேறு என்று பிரித்துப் பேசுவோம். குளுக்கோஸ் சுலபமாக உள்ளே போகிற சர்க்கரை, அது ஓடிக்கொண்டிருக்கும்போது பல ஆன்டிபயாட்டிக் ஜீன்கள் அமுங்கியே கிடக்கும். 1940களில் அமெரிக்காவில் பியோரியா ஆய்வகத்தில் பெனிசிலினுக்கு லாக்டோஸைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். பூஞ்சை லாக்டோஸை மெதுவாகத்தான் தின்னும், பெனிசிலின் கூடுதலாக வரும். கூடவே சோள மாவு ஆலையில் மிஞ்சுகிற கார்ன் ஸ்டீப் லிக்கர். பிற்பாடு லாக்டோஸும் போய், அதே குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக விடுகிற முறை வந்தது. ஆக எந்தச் சர்க்கரை என்பதோடு கதை முடியவில்லை, அது என்ன வேகத்தில் கைக்குக் கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஆலையில் டேங்க் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை எக்ஸாஸ்ட் பக்கம் நின்றாலே சொல்லிவிடலாம். முதலில் ஈஸ்ட்டும் சோயா மாவும் வெந்த வாடை. அப்புறம் ஒரு ராத்திரி ஷிப்டுக்குள் போனால் மழை விழுந்த மண்ணின் வாசனை தூக்கும். அது ஜியோஸ்மின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்கிற இன்னொரு பொருள். மருந்தும் வாசனையும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும் என்று சட்டம் இல்லை, ஆனாலும் அந்த வாசனை வந்தால் எங்களுக்கு நிம்மதி. உங்கள் குடுவையைத் திறந்தால் என்ன வாடை அடிக்கிறது?

பிப்பெட்_அக்கா எழுதியது:

குளுக்கோஸ் விஷயம் சரிதான் சார், ஆனால் என் கண் போனது பஃபர் மேல். 50 மில்லிமோலார் பாஸ்பேட்டா! கல்லூரி லேப்களில் பிஎச் என்றாலே பாஸ்பேட் பஃபரைத் தூக்கி ஊற்றுகிற பழக்கம் இருக்கிறதே, ஸ்ட்ரெப்டோமைசிஸ் விஷயத்தில் அது நம்மைக் கவிழ்த்துவிடும்.

0.3 மில்லிமோலாரிலிருந்து 500 வரை எவ்வளவு பாஸ்பேட் இருந்தாலும் செல்கள் நன்றாகவே வளரும். ஆனால் 10-ஐத் தாண்டினாலே பல ஆன்டிபயாட்டிக்குகளின் உற்பத்தி படுத்துவிடும், இது பல வருஷங்களாகத் தெரிந்த விஷயம். செல் சவ்வில் போ-ஆர் என்று ஒரு புரதம் காவல் நிற்கிறது. வெளியே பாஸ்பேட் வற்றினால் அது உள்ளே இருக்கும் போ-பி என்கிற இன்னொரு புரதத்தை முடுக்கிவிடும், அதற்கப்புறம்தான் செல்லின் போக்கே மாறும். நீங்கள் 50 போட்டால் அது வற்றுவதற்கு வாய்ப்பே இல்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் இதற்கு மேல் ஒரு வேடிக்கை உண்டு. கடைசிப் படியில் அந்த மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டைத் தாங்கியபடி இருக்கும், அந்த நிலையில் அதற்கு வீரியம் கிடையாது (தான் செய்கிற மருந்தால் தானே செத்துப்போகாமல் இருக்க பாக்டீரியா செய்துகொண்ட ஏற்பாடு). ஒரு பாஸ்பேட்டேஸ் என்சைம் அதை வெட்டிவிட்டால்தான் மருந்து. மீடியாவில் பாஸ்பேட் மிதமிஞ்சி இருந்தால் அந்த வெட்டு நடக்காது, வீரியமில்லாத சரக்குதான் தேங்கும். அதாவது செல் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் முடித்திருக்கும், உங்கள் தட்டில் மட்டும் பூஜ்ஜியம் தெரியும். உங்களுடையது ஸ்ட்ரெப்டோமைசின் என்று சொல்லவில்லை, இப்படியும் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பஃபரை எடுத்துவிட்டுக் கால்சியம் கார்பனேட் போடுங்கள், அமிலத்தையும் அது பார்த்துக்கொள்ளும், பாஸ்பேட்டையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டிலும் பாஸ்பேட் உண்டு என்பதால் ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை போதும்: வடிகட்டிய திரவத்தில் டிசிஏ அமிலம் விட்டுப் புரதத்தை இறக்கிவிட்டு, தெளிந்ததில் அமோனியம் மாலிப்டேட், அப்புறம் அன்சா என்கிற நிறமேற்றும் கரைசல், நீலம் ஏறும், 660 நானோமீட்டர் ஒளியில் ரீடிங். உங்கள் மீடியாவை நீர்க்காமல் போட்டால் கருநீலமாகி ரீடிங் எல்லையைத் தாண்டிவிடும், நிறைய நீர்த்துப் போடுங்கள்.

அந்த சுப்பாராவ் நம் ஊரில் படித்தவர்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. 1923-ல் அமெரிக்கா போனார், 1925-ல் இந்த முறை வெளியானது. பின்னாளில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தபோது அங்கே டக்கர் என்ற விஞ்ஞானி கண்டெடுத்த ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், அதாவது குளோர்டெட்ராசைக்ளின், 1948-ல் வெளிவந்தது. அதைச் செய்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ்தான் பாஸ்பேட் கூடினால் உற்பத்தி விழுகிற கதைக்குப் பாடப்புத்தக உதாரணம். அவருடைய முறையை வைத்தே அதை அளக்கிறோம். அதே பாக்டீரியாவுக்கு மீடியாவில் புரோமைடு கொடுத்தால் குளோரினை ஒட்டுகிற வேலை தடைபட்டு, டெட்ராசைக்ளின் கூடுதலாக வரும். ஒரு உப்பை மாற்றினால் மருந்தே மாறுகிறது, பாருங்கள்.

மருந்துக்கடை_ஆள் எழுதியது:

உங்கள் அளவுக்குப் படிப்பு இல்லை, கடை கல்லாவில் உட்கார்ந்தபடி படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். இவ்வளவு அடம் பிடிக்கிற ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? கெமிக்கல் ஃபேக்டரியில் நேராகச் செய்துவிட முடியாதா? பாராசிட்டமாலை அப்படித்தானே செய்கிறார்கள்.

நான் புரிந்துகொண்டவரை, சம்பளம் வந்த முதல் வாரம் ஹோட்டல், கடைசி வாரம் வீட்டு ரசம், அந்த ரசம்தான் மருந்து. சரியா?

பிப்பெட்_அக்கா எழுதியது:

ரசம் சரி அண்ணா 😄

பாராசிட்டமால் குட்டி மூலக்கூறு, அதை ரசாயனமாகச் செய்வதுதான் மலிவு. வைட்டமின் பி12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உட்வர்டும் எஷென்மோசரும் சேர்ந்து 1972-ல் அதை முழுக்க ரசாயன முறையில் செய்து காட்டினார்கள், 70 படிகளுக்கு மேல், நூற்றுக்கும் அதிகமான வேதியியலாளர்கள். அறிவியலில் அது பெரிய சாதனை. ஆனால் உங்கள் கடையில் விற்கிற பி12 எதுவும் அந்த வழியில் வருவதில்லை, எல்லாம் பாக்டீரியா தயவு.

இன்னொன்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. சளி, காது வலி என்றால் எழுதித் தருவார்களே, "625". அதில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், அதன் மூலம் பூஞ்சை. மீதி 125 கிளாவுலானிக் அமிலம், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற பாக்டீரியா செய்வது. இந்த பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸே ஒத்துவராது, அதை உள்ளே இழுக்கும் வாயில் அதற்கு வேலை செய்வதில்லை, கிளிசரால்தான் வேண்டும். கிளிசராலிலிருந்து வருகிற மூன்று கார்பன் துண்டு ஒன்று இரண்டு பக்கம் போகலாம், ஒரு பக்கம் போனால் ஆற்றலாக எரியும், இன்னொரு பக்கம் அர்ஜினினோடு சேர்ந்து மருந்தாகும். எரிகிற பக்கத்துக்கான ஒரு ஜீனை முடக்கிப் பார்த்தார்கள், கிளாவுலானிக் அமிலம் இரண்டு மடங்கானது.

2020-ல் மத்திய அரசு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தபோது நொதித்தல் வழியில் செய்கிற நான்கு மூலப்பொருள்களைத் தனியாகப் பட்டியலிட்டது: பெனிசிலின் ஜி, 7-ஏசிஏ, எரித்ரோமைசின் தையோசயனேட், அப்புறம் இந்தக் கிளாவுலானிக் அமிலம். வெளிநாட்டை நம்பியிருக்கிறோம் என்பதால்தான்.

ஜீனோம்_பையன் எழுதியது:

மன்னிக்கவும், இந்த மீடியா மாற்றுகிற வேலையெல்லாம் தாத்தா காலத்து வழி. 2002-ல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற வகையின் ஜீனோம் (முழு மரபணு வரிசை) வந்ததுமே தெரிந்துவிட்டது, சுமார் 7,800 ஜீன்கள், இருபதுக்கும் மேற்பட்ட மருந்து ஜீன் தொகுப்புகள், அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்காக அதை வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய பொருள்கள்தான். மற்றதெல்லாம் ஊமையாகக் கிடக்கிறது. சீக்வென்ஸ் பண்ணு, தொகுப்பை வெட்டி எடு, நமக்குப் பழக்கமான ஒரு பாக்டீரியாவில் போடு, வலுவான புரமோட்டரை (ஜீனை முடுக்கும் டிஎன்ஏ பகுதியை) முன்னால் வை. ஓட்ஸா சோயாவா என்று எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

தரமணி_ஈகோலை எழுதியது:

தம்பி, அந்தப் பழக்கமான பாக்டீரியாவான ஈ.கோலையோடுதான் நான் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜீனை உள்ளே வைத்தால் மருந்து வந்துவிடும் என்றால் எங்களுக்கெல்லாம் வேலையே இருக்காது.

ஈ.கோலையில் மனித இன்சுலினைச் செய்தது 1978-ல், மருந்தாக அனுமதி கிடைத்தது 1982-ல். ஜீன் மனிதனுடையது, ஆனால் செல் அதன் பாட்டுக்குத்தான் இருக்கும். குளுக்கோஸை அள்ளிப் போட்டால், ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும்கூட, எரிக்க முடிந்ததை எரித்துவிட்டு மிச்சத்தை அசிடேட்டாக வெளியே தள்ளும். அசிடேட் சேரச் சேர வளர்ச்சியும் சுணங்கும், புரதமும் குறையும். அதனால்தான் பட்டும் படாமலும் குளுக்கோஸ் விடுகிறோம். ஸ்கிரீனில் பார்த்தால் ரொம்ப எளிமை: குளுக்கோஸ் இருக்கிறவரை கரைந்த ஆக்சிஜன் 30 சதவீதத்தில் தவழும், தீர்ந்த நிமிஷமே மூச்சு வாங்குவது நின்று கோடு செங்குத்தாக 80, 90 என்று ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் பம்பு அடுத்த சொட்டை விடுகிறது. பிஎல்21 வகை ஈ.கோலை கே-12 வகையைவிட அசிடேட் குறைவாக விடும், அதனால் அதற்கு எப்போதும் மவுசு.

புரமோட்டர் சொன்னாய் அல்லவா, அதற்கும் ஒரு கதை. டாக்சால் என்கிற புற்றுநோய் மருந்தின் ஆரம்பப் படியான டாக்சாடையீனை அமெரிக்காவின் எம்ஐடியில் ஈ.கோலைக்குள் செய்தார்கள், 2010-ல் வெளிவந்தது. பாதையின் மேல் பாதியை வலுவாக்கிக் கீழ்ப் பாதியை அப்படியே விட்டால் உற்பத்தி ஏறவில்லை. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று ஈடாக ஓடினால்தான் ஏறியது, லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் வரை போனது. இன்டோல் என்ற கழிவுப் பொருள் தேங்கிய செல்களில் டாக்சாடையீன் குறைந்தது. வலுவான புரமோட்டர் என்பது சில சமயம் நாமே வைத்துக்கொள்கிற வினைதான்.

பறவைக் காய்ச்சல் பயத்தில் டாமிஃப்ளூ மருந்துக்கு அலைந்தபோது அதன் மூலப்பொருளான ஷிக்கிமிக் அமிலத்துக்காக அன்னாசிப்பூவை விரட்டினார்களே, அதை ஈ.கோலையிலும் எடுக்கலாம். ஆனால் அதற்கு பிஇபி என்ற ஒரு துண்டு வேண்டும். ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு பிஇபி கிடைக்கிறது, அடுத்த குளுக்கோஸை உள்ளே இழுப்பதற்கே ஈ.கோலை அதில் ஒன்றைச் செலவழித்துவிடுகிறது. பாதி வாசல் கூலியாகப் போய்விடுகிறது. அந்த இழுவை முறையை நீக்கி, வேறு வழியில் குளுக்கோஸை உள்ளே விட்டால்தான் கணக்கு சரிப்படும். இதெல்லாம் ஜீனோமைப் படித்தால் மட்டும் தெரிந்துவிடாது.

ஜீனோம்_பையன் எழுதியது:

சரி சரி, புரமோட்டர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊமைத் தொகுப்புகளைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. மீடியா மாற்றி அதையெல்லாம் எழுப்ப முடியுமா?

பிப்பெட்_அக்கா எழுதியது:

எல்லாவற்றையும் முடியாது, சிலவற்றை முடியும். இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், "பட்டினி போட்டால் மருந்து வரும்" என்று யாராவது எழுதி வைத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள். பட்டினி வெறும் அடையாளம்தான், சரக்குக்கு மூலப்பொருள் தனியாக வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரைசியஸ் ஏ-ஃபேக்டர் என்றொரு சிறு மூலக்கூறை வெளியே விடும், நானோமோலார் அளவு போதும், அது சேர்ந்ததும் ஸ்ட்ரெப்டோமைசினும் வித்துகளும் கிளம்பும். மண்ணில் இன்னொரு அடையாளமும் உண்டு. பட்டினியில் பழைய இழைகள் செத்துச் சிதையும்போது அவற்றின் செல் சுவரிலிருந்து என்-அசிட்டைல்குளுக்கோசமைன் கசியும். தீனி இல்லாத இடத்தில் சீலிகலர் அதைச் சுவைத்தால் மருந்து செய்ய ஆரம்பிக்கும், தீனி நிறைந்த இடத்தில் அதே பொருள் கிடைத்தால் தொடர்ந்து வளரும். தட்டில் இந்த நாடகம் முழுக்க நடக்கிறது, குடுவையில் பல ஸ்ட்ரெப்டோமைசிஸ்கள் வித்து வரை போவதே இல்லை. முட்டுக்காடு தம்பியின் தட்டுக்கும் குடுவைக்கும் உள்ள வித்தியாசத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

மூலப்பொருளுக்கு எரித்ரோமைசினைப் பாருங்கள். ஒரு புரோபியோனைல் துண்டு, அதன்மேல் ஆறு மெத்தில்மலோனைல் துண்டுகள், இப்படிக் கோத்துத்தான் அதன் வளையம். துண்டு போதாவிட்டால் என்சைம் சும்மா நிற்கும். அதனால் ஆலைகளில் சோயா எண்ணெயும் புரோப்பனாலும் ஊட்டுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வளர்ச்சிக் காலத்தில் மிஞ்சுகிற கார்பனைக் கொழுப்பாக உள்ளேயே சேர்த்து வைத்து, வளர்ச்சி நின்றபின் அதை உடைத்து மருந்துக்குச் செலவழிக்கிறது. 2020-ல் அந்தக் கொழுப்பைச் சரியான நேரத்தில் உடைக்க வைத்து உற்பத்தியை உயர்த்திக் காட்டினார்கள். ஆக வளர்ச்சிக் கட்டத்தை வீண் என்று குறைத்துவிடவும் முடியாது.

ஓய்வு_ஷிப்ட்_சூப்பர்வைசர் எழுதியது:

மீடியா மாற்றினால் என்ன கிடைக்கும் என்று கேட்ட பையனுக்கு: ரிஃபமைசினைத் தேடிப் படியுங்கள். 1957-ல் பிரான்சின் தென்கரையில் பைன் காட்டு மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா, லெபெட்டி நிறுவனத்தார் மிலானில் வளர்த்தபோது ஐந்து பொருள்கள் கலந்து வந்தன. மீடியாவில் பார்பிட்டால் என்ற ரசாயனம் சேர்த்ததும் பெரும்பாலும் ரிஃபமைசின் பி ஒன்றே வந்தது. அதை ரசாயனமாக மாற்றித்தான் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து. சேத்துப்பட்டில் 1956-லிருந்து டிபி ஆராய்ச்சி நடக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த மருந்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. ஷேக்கர் 28 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது குளிரூட்டி உள்ள ஷேக்கரா?

முட்டுக்காடு_மண் எழுதியது:

இல்லை சார். சூடேற்றி மட்டும்தான். 28 என்று செட் பண்ணினாலும் மத்தியானம் திரையில் 33, 34 காட்டும். ராத்திரியில் கரண்ட் போனால் ஷேக்கர் நின்றுவிடும், காலையில் வாட்ச்மேன் வந்துதான் மறுபடி போடுவார்.

குடுவையில் மண் வாசனை இல்லை, புளிப்பு வாடைதான்.

ஓய்வு_ஷிப்ட்_சூப்பர்வைசர் எழுதியது:

அப்படிச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் சென்னையில் சூடேற்றி மட்டும் உள்ள ஷேக்கர் வெறும் ஆட்டுகிற பெட்டிதான். சூட்டில் செல் வேகமாகத் தின்னும், ஆக்சிஜனோ குறைவாகக் கரையும் (25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், 35-ல் 7). ஷேக்கர் நின்றால் அதுவும் இல்லை, குடுவை அடியில் உட்கார்ந்த இழைகள் மூச்சு முட்டி அமிலத்தைக் கக்கும், அந்தப் புளிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆலையிலும் இதே தலைவலிதான். மே மாதம் ஈரக்குமிழ் வெப்பநிலையே (தண்ணீர் ஆவியாகிக் குளிரக்கூடிய எல்லை) 27, 28-ஐத் தொடும்போது கூலிங் டவர் தண்ணீரை வைத்து 28 டிகிரி டேங்கைப் பிடித்து நிறுத்த முடியாது, சில்லர் ஓட வேண்டும், மின் கட்டணம் கண்ணைக் கட்டும்.

துறையில் ஏசி அறை இருந்தால் ஷேக்கரை அங்கே தூக்கி வையுங்கள், அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். 250 மில்லி குடுவையில் 50-க்கு மேல் மீடியா ஊற்றாதீர்கள். காற்று நன்றாகக் கலக்கப் பள்ளம் வைத்த குடுவை கிடைத்தால் இன்னும் நல்லது. குளுக்கோஸுக்குப் பதில் ஸ்டார்ச், பெப்டோனுக்குப் பதில் சோயா மாவு.

மருந்துக்கடை_ஆள் எழுதியது:

ஏசி அறைக்கு அனுமதி வாங்குவதற்கும் ஏதாவது மீடியா இருக்கிறதா?

முட்டுக்காடு_மண் எழுதியது:

அப்டேட். பாஸ்பேட் அளந்தேன், அக்கா சொன்னதுபோலவே நீர்க்காமல் போட்டதில் கருநீலம், நீர்த்துப் பார்த்தால் 50-க்கும் மேல், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டின் பங்கும் சேர்ந்துதான். பஃபர் இல்லாமல் ஸ்டார்ச், சோயா மாவு, கால்சியம் கார்பனேட் போட்டு, பக்கத்துத் துறையின் ஏசி அறையில் (அங்கே ஜெனரேட்டர் இணைப்பும் உண்டு) ஓட்டினேன். செல் முன்பைவிடக் குறைவு, கைடு முகம் சுளித்தார். நாலைந்து நாள் கழித்து எடுத்த சாம்பிளில் ஜோன் வந்திருக்கிறது, சின்னதுதான், ஆனால் விளிம்பு சுத்தமாக இருக்கிறது. குடுவையிலும் மண் வாசனை.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க, அதே புது மீடியாவில் பாஸ்பேட் மட்டும் 1, 5, 10, 50 என்று ஏற்றி ஒரு வரிசை போட்டிருக்கிறேன். ஏசி அறையைத் திருப்பிக் கேட்பதற்குள் முடிக்க வேண்டும்.

ஜீனோம்_பையன் எழுதியது:

சூப்பர். வரிசை ஓடும்போதே அந்தத் திரவத்தைக் கொஞ்சம் எல்சி-எம்எஸ்ஸில் (மூலக்கூறுகளைப் பிரித்து எடை பார்க்கும் கருவி) போட்டு, தெரிந்த பொருள்தானா என்று பார்த்துவிடு. மண்ணிலிருந்து எடுக்கிற ஆக்டினோமைசீட்களில் (ஸ்ட்ரெப்டோமைசிஸ் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) சுமார் பத்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் செய்யும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் 1940களிலேயே ஒதுக்கிவிட்ட சரக்கு, ஜோன் மட்டும் அட்டகாசமாக வரும்.

முட்டுக்காடு_மண் எழுதியது:

எல்சி-எம்எஸ் எங்கள் துறையில் இல்லை. வெளியே கொடுத்தால் ஒரு சாம்பிளுக்கு என்ன கேட்பார்கள், மாணவர் சலுகை எங்காவது உண்டா?

தரமணி_ஈகோலை எழுதியது:

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பார். சாம்பிளை மெத்தனாலில் எடுத்து, உப்பை நீக்கிவிட்டுக் கொண்டு வா. அந்தக் கால்சியம் கார்பனேட்டோடு அப்படியே கொண்டு வந்தால் இங்கே கருவியைக் கவனிக்கிறவர் உன்னோடு என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்.